கட்டி முடித்த வீடா, மானியத்தில் நாமே எழுப்பும் வீடா?

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீடு கிடைக்க மட்டக்களப்பில் இரண்டு வழிகளைக் கண்டிருக்கிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் திராய்மடு போன்ற மீள்குடியேற்றங்களில் வீடுகளை வரிசையாகக் கட்டி முடித்துத் திறப்பைக் கையளித்தார்கள். 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்திலோ ஐந்தரை இலட்சம் ரூபாய் மானியத்தைத் தவணைகளாகக் கொடுத்து, குடும்பமே தன் வளவில் கட்டிக்கொள்ள விட்டார்கள். என் தங்கைக்குக் கட்டி முடித்த வீடு கிடைத்தது. நான் மானியத்தில் கட்டினேன். என் சார்பு மானியத்தின் பக்கமே.

அலைச்சல் குறைவு என்பதில் கட்டி முடித்த வீடு முந்தும். அதில் வாதத்துக்கு இடமில்லை.

எனக்குத் தீர்மானமாகத் தோன்றுவது, ஒரு வீடு பிற்காலத்தில் இரண்டாக வளர முடியுமா என்பதுதான். எங்கள் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு மணம் முடிக்கும்போது வீட்டையோ வளவில் ஒரு பங்கையோ கொடுப்பது வழிவழியாக வரும் வழக்கம். ஆகவே இரண்டு பெண்பிள்ளைகள் உள்ள தாய்க்கு இன்று கிடைக்கும் வீடு பாதித் தீர்வே. நான் வீட்டை வளவின் ஓரமாக ஒதுக்கி, கிணற்றுப் பக்கத்தை என் இளைய மகளுக்கென்று விட்டு, பின்னர் அறை சேர்ப்பதற்காக அத்திவாரத்தையும் அந்தப் பக்கம் நீட்டிப் போட்டேன். தங்கையின் வீடு சிறிய காணியின் நட்டநடுவில் நிற்கிறது; எந்தப் பக்கமும் இன்னொரு வீட்டுக்கு இடம் போதாது, மேலே எழுப்பலாமா என்று கேட்டால் அத்திவாரத்தின் ஆழம் தெரியாமல் மேசன் கை வைக்கத் தயங்குகிறார். என் வீட்டில் எது பழுதானாலும் கட்டியவரே அடுத்த தெருவில் இருக்கிறார்.

2016இல் வடக்கு, கிழக்குக்கென 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஒன்றுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய் என்ற விலை ஒருபுறமிருக்க, ஊர் மேசனால் ஓர் அறை சேர்க்க முடியாத சுவர் உப்புக்காற்று வீசும் எங்கள் கரைக்கு எப்படிப் பொருந்தும்?

ஆனாலும் என் அனுபவம் வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையோடு நிற்கிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யானை நடமாடும் ஊர்களில், அரைகுறைச் சுவர்களுக்குள் மாதக்கணக்கில் படுத்துறங்குவதைவிடக் கட்டி முடித்த வீடு மேலாக இருக்கலாம். வேலையை மேற்பார்க்க ஆளில்லாத, பெண் தனித்து நடத்தும் குடும்பங்களுக்கும் மானியம் மட்டும் போதாது. சீமெந்து விலை ஏறியபோது தவணை அப்படியே நின்றதால் நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. ஒவ்வொரு தவணையையும் அன்றைய பொருள் விலைக்கேற்பத் திருத்துவதும், இத்தகைய குடும்பங்களுக்கு ஊர் மேசன் ஒருவரைத் திட்டச் செலவிலேயே பொறுப்பாக அமர்த்துவதும் அடுத்த திட்டத்தின் விதியாக எழுதப்பட வேண்டும்.