மாருதி 800: கழற்றிய ஹெட் வாங்குவதா, இருப்பதையே சரிசெய்வதா?

கார்பரேட்டர் மாருதி 800 ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டால் எஞ்சினின் மேல்பகுதியான அந்த அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், சில நேரம் விரிசலும் விழும். வளைவு மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், சொந்த ஹெட்டையே லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்டு (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி), வால்வு அரைத்து, புது வால்வு சீலோடு மாட்டுங்கள்; வால்வுகளைத் திறக்கும் உங்கள் கேம்ஷாஃப்ட் இத்தனை வருடம் ஓடிப் பழகிய துளைகள் அதில்தான் இருக்கின்றன.

விரிசல் என்றால் கதை வேறு. வெல்டிங் வைக்கலாம்தான், ஆனால் அந்தச் சூட்டில் ஹெட் மறுபடி வளையும், அலுமினியத்தைச் சரியாக ஒட்டத் தெரிந்த ஆள் கிடைப்பதும் கடினம். அப்போது சென்னைக்காரர்கள் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில், வேறு வண்டியில் கழற்றிய ஹெட் தேடுவதே மேல். ஆனால் கழுவிப் பளபளவென்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான இரும்புப் பட்டை) வைத்து, அதற்கு அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள், 0.05 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் இதற்கும் ஃபேஸிங் செலவு உண்டு. ஏற்கெனவே நிறையச் சீவிய ஹெட், கேம் துளை தேய்ந்த ஹெட் இரண்டுமே வேண்டாம். 12 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த வகை) ஹெட் 6 வால்வு எஞ்சினுக்குச் சேராது, வால்வை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்து விரிசல், கசிவு பார்ப்பது), அதை ஹெட்டை மாட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

எந்த ஹெட்டானாலும் அதற்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் வரும் கேஸ்கட் புதிதுதான். முதலில் ஏன் சூடேறியது என்று ரேடியேட்டரையும், சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.