மூக்குத் தண்டு வளைந்தவர்கள் மூக்கு கழுவும் பாட்டில் வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்தப் பாட்டில் வளைந்த தண்டை நிமிர்த்தாது. மாத்திரை, ஸ்ப்ரே, ஆவி, மூக்கில் ஒட்டும் பட்டை எதுவும் நிமிர்த்தாது. தண்டு என்பது மூக்கின் நடுச்சுவர். முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. அது ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தத் துவாரம் குறுகும். அகலமான மறுபக்கத்தில் உட்சதை தானாகப் பெருத்து இடத்தை அடைத்துக்கொள்ளும். வளைவு இடப்பக்கம் இருந்தும் வலப்பக்கமும் அடைக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான். பாட்டிலுக்கு வேலை இருப்பது இந்தச் சதை வீக்கத்திலும் சளியிலும் மட்டுமே. சீமைக்கருவேலம் பூத்தால் தும்முகிறவர்கள், கரிமூட்டப் புகையிலும் கருவாட்டுக் களத்துத் தூசியிலும் நிற்பவர்கள் வாங்கினால் காசு வீணாகாது. தும்மல், சளி எதுவும் இல்லாமல் வருடம் முழுக்க ஒரே பக்கம் அடைப்பு என்றால் பலன் சொற்பம்.

பெட்டிக்குள் 240 மில்லி பிடிக்கிற, அழுத்தினால் அமுங்கும் பாட்டில், ஓட்டை வைத்த மூடி, அடிவரை போகும் குழாய், உப்புப் பொட்டலங்கள். பொட்டலத்தில் இருப்பது உப்பும் சமையல் சோடாவும்தான். ஈரக்காற்றில் பொட்டலம் கட்டிதட்டிப் போகும், இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். தீர்ந்த பிறகு வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு அயோடின் சேர்க்காத தூள் உப்பு 9 கிராம், அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன், அரை டீஸ்பூன் சமையல் சோடா. வாலிநோக்கத்து உப்பானாலும் அயோடின் கலந்த பாக்கெட் சமையலுக்கே இருக்கட்டும். கல் உப்பை ஸ்பூனால் அளக்கவே முடியாது.

நம் இராமநாதபுரம் கரையில் கோளாறு வருவது தண்ணீரில். போர் தண்ணீர் ஏற்கெனவே உவர்ப்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். அதில் பொட்டலத்தையும் கொட்டினால் மூக்கு எரியும். ‘பாட்டில் சரியில்லை’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் பலர் தடுக்குவது இங்கேதான். குடிக்கிற கேன் தண்ணீரை எடுத்து, கொப்பளித்துக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டு, வெதுவெதுப்பாக ஆற்றுங்கள். ஊருணி, குளத்து நீரைக் காய்ச்சாமல் மூக்கில் விடவே கூடாது. 2024லும் 2025லும் கேரளத்தில் பேசப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சலின் கிருமி பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் ஏறும். அக்கினி தீர்த்தத்தில் முங்கினால் மூக்கு திறக்கிறதே என்பார்கள். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், நம் உடம்புக்கு ஏற்ற அளவைப்போல நாலு மடங்கு. வீங்கிய சதையிலிருந்து நீரை இழுப்பதால் கொஞ்ச நேரம் திறக்கும். கரையோர நீரின் அழுக்கும் கூடவே போகும்.

கழுவும்போது வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்து, வாயாலேயே மூச்சு விடுங்கள். அடைத்த பக்கத்தில் முனையை வைத்து மெதுவாக அழுத்தி 120 மில்லி, பிறகு மறுபக்கம் 120. திறந்த பக்கம் முதலில் விட்டால் வெளியேறும் வழி குறுகலாகி அழுத்தம் காதுக்குப் போகும். காது அடைத்தால் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் சுத்தமாக அடைத்திருந்தால் அன்று வேண்டாம். முடிந்ததும் தலையைத் தொங்கவிட்டு இருபக்கமும் திருப்புங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடம் கழித்துச் செருப்பு மாட்டக் குனியும்போது பொலபொலவென்று கொட்டும். சிந்தும்போது மூக்கைப் பிடிக்காமல் சிந்துங்கள். பாட்டிலைச் சோப்பு நீரில் கழுவி, காய்ச்சிய நீரில் அலசி, திறந்தபடி காயவையுங்கள். குழாயின் உள்ளே கறுப்புப் புள்ளி கண்டால் பூஞ்சை, மாற்றிவிடுங்கள்.

டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதியிருந்தால் கழுவிய 15 நிமிடம் கழித்து அடியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. முனை கண்ணின் வெளிக்கோடியைப் பார்க்கட்டும். நடுச்சுவரில் அடித்தால், அதுவும் வளைந்து புடைத்த இடத்தில் பட்டால், ரத்தம் கசியும். முழுப்பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். சங்கு குளிக்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு இறங்குவது ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பு. மருந்தின் வேகம் அடியில் தணிந்துவிட்டால், மேலே வரும்போது காதுக்குள் விரிகிற காற்றுக்கு வழி கிடைக்காது.

பாய்மரமோ பந்தோ மூக்கில் பட்டு, சில மணி நேரத்தில் இரண்டு பக்கமும் அடைத்து வலித்தால் பாட்டிலைத் தொடாதீர்கள். நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே எடுக்காவிட்டால் குருத்தெலும்பு செத்து மூக்கு அமுங்கிவிடும்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அடைப்பு விடவில்லையா? பிறகு பேச வேண்டியது ஆபரேஷனைப் பற்றி. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். மூக்கின் உள்ளேயே கீறி, வளைந்த பகுதியைச் சரிசெய்வார்கள். வெளியே தழும்பு இருக்காது. பெருத்த உட்சதையை விட்டுவிட்டால் அடைப்பு மிஞ்சலாம், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் தன் விலைக்கு நன்றாக உழைக்கும் இன்னொரு நேரம் ஆபரேஷனுக்குப் பிறகு. டாக்டர் சொல்லும் நாளிலிருந்து கழுவினால் காய்ந்த பொருக்கு ஊறித் தானாக வரும். விரலை விட்டு எடுக்காதீர்கள்.