வீட்டுத் தானியங்கியில் ஏஐ உதவியாளர்: நேரடி அணுகலா, கிட் நகலா?

வேலை சேலத்திலும் வீடு ஏற்காட்டிலுமாக இருப்பவர்களுக்கு வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் பெருந்துணை. அதன் விதிகள் அடங்கிய யாமல் எனும் உரைக்கோப்புகளை எழுத, கிளாட் கோடு போன்ற, நிரல் எழுதும் ஏஐ உதவியாளரைச் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. மலைமேல் அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்குள், எஸ்எஸ்எச் எனும் தொலைநுழைவு வழியே உதவியாளரை நேரடியாக நுழையவிடுவது ஒன்று. கோப்புகளின் நகலைச் சேலத்துக் கணினியில், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியமாக வைத்து, அதில் மட்டும் திருத்தச் செய்து, நான் படித்து ஒப்புதல் தந்த பிறகு மலைக்கு அனுப்புவது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

நேரடி வழி விரைவானது. உணரிகளின் அப்போதைய நிலையையும் பிழைப்பதிவுகளையும் உதவியாளர் தானே பார்த்துக்கொள்ளும். கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, விளக்குகளை மட்டும் இயக்குவோருக்கு அதுவே போதும்.

ஆனால் என் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் இதில் அடங்கும் என்பதால், என்ன மாறியது என்று வரிவரியாகப் பார்ப்பதும், தவறினால் முந்தைய நிலைக்கு உடனே திரும்புவதுமே எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப்பட்டன. ஹோம் அசிஸ்டென்டில் கோப்புகளைச் சரிபார்க்கும் உள்ளமைவுச் சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். அது கோப்பின் அமைப்பைத்தான் சோதிக்கிறது. விதியில் குறிப்பிட்ட சாதனம் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மோட்டாரை நிறுத்தும் விதியில் சுவிட்சின் பெயரை உதவியாளர் ஊகித்து எழுதிவிட்டாலும் சோதனை வெற்றி என்றே வரும். தொட்டி நிரம்பும்போது பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை விழும், மோட்டார் நிற்காது. அதேபோல், நீர்மட்டம் 90 விழுக்காட்டைத் தாண்டினால் நிறுத்து என்ற விதி, அளவு அந்தக் கோட்டைக் கடக்கும் கணத்தில் மட்டுமே இயங்கும். மின்தடைக்குப் பின் கருவி மீளும்போது தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவ்விதியை நம்ப முடியாது. இவை இரண்டும் அந்தச் சோதனையில் சிக்காமல், மாற்றப்பட்ட வரிகளை மனிதர் படிக்கும்போது கண்ணில் படக்கூடிய குறைகள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை மழையிரவில் ஏறிச் சென்று சரிசெய்வதைவிட, பத்து வரிகளை முன்பே படிப்பது எவ்வளவோ மேல்.

கிட் வழிக்கும் பராமரிப்பு உண்டு. கடவுச்சொற்கள் உள்ள சீக்ரெட்ஸ் கோப்பையும், உள்நுழைவு டோக்கன்கள் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழையவிடும் குறியீடுகள்) இருக்கும் மறைவான ஸ்டோரேஜ் கோப்புறையையும் களஞ்சியத்திலிருந்து விலக்கியே ஆக வேண்டும். ஹோம் அசிஸ்டென்டின் திரை வழியே சேர்த்த சாதன இணைப்புகள் அந்தக் கோப்புறையில்தான் பதிவாகின்றன. ஆகவே கிட் மட்டும் போதாது, முழு பேக்கப்பும் தனியே எடுக்க வேண்டும். சாதனங்களின் பெயர்ப்பட்டியலை ஒரு கோப்பாக உதவியாளரிடம் கொடுத்துவிட்டால், அது ஊகிப்பது பெரிதும் குறைகிறது. நீண்டகால அணுகல் டோக்கனை நான் அதனிடம் கொடுப்பதில்லை; பத்தாண்டு செல்லுபடியாகும் ஒன்றை உரையாடலில் ஒட்டிவைப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

கேமராவுக்கும் மோட்டாருக்கும் இம்முறை நன்றாகவே நடக்கிறது. கதவுப் பூட்டை நான் இதில் சேர்க்காததால் அதைப் பற்றி அனுபவத்தால் எதுவும் சொல்ல இயலாது. மோட்டாரைப் பொறுத்தவரை, எந்த வழியைத் தேர்ந்தாலும், நீரின்றி ஓடினால் தானே நிறுத்தும் பாதுகாப்பு ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே இருக்க வேண்டும். அதை மென்பொருளிடம் விடக் கூடாது.