பழைய காரின் ஸ்டீயரிங்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பியும் முன்சக்கரம் அசையவில்லையா? உடனே ரேக் அண்ட் பினியனுக்கு, அதாவது சிறு பல்சக்கரம் ஒரு பல்தண்டை இடமும் வலமும் நகர்த்திச் சக்கரங்களைத் திருப்பும் அமைப்புக்கு, தாவ வேண்டாம். பழைய ஸ்டீயரிங் பெட்டியைச் சரிசெய்து, பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), டை ராடு (சக்கரத்தைத் தள்ளி இழுத்துத் திருப்பும் தண்டு) முனைகள், புஷ்கள் (மூட்டுகளில் உள்ள உறைகள்) ஆகியவற்றைப் புதிதாகப் போட்டாலே பெரும்பாலான ஆட்டம் அடங்கிவிடும். காரின் அசல் தன்மையும் கெடாது.

ரேக் துல்லியமானது, எடையும் குறைவு. ஆனால் டை ராடுகளின் நீளமும் உள்மூட்டுகளின் இடமும், சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் சஸ்பென்ஷன் கைகளோடு பொருந்தாவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. அதனால்தான், 1974 மாடலாக வந்த ஃபோர்டு மஸ்டாங் 2-இன் அமைப்பைத் தழுவி, சஸ்பென்ஷனும் ரேக்கும் சேர்ந்தே வரும் தொகுப்புகளைப் பலர் நாடுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் காரின் அடிச்சட்டத்தை (சேஸிஸ்) வெட்டிப் பற்றவைக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். அடிக்கடி நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு மட்டுமே இந்த மாற்றத்தைப் பரிந்துரைப்பேன்.