இரட்டைப் பிணைப்பைக் கண்டறிய: புரோமின் நீரா, பெர்மாங்கனேட்டா?

ஹெக்சேன் (ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள ஆல்கேன்), ஹெக்சீன் (ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன்) இரண்டும் நிறமற்ற திரவங்கள். பார்த்துப் பிரிக்க முடியாது.

புரோமின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் ஹெக்சீனில் ஆரஞ்சு நிறம் உடனே மறையும். ஹெக்சேனில் நிறம் அழியாது, மேலடுக்குக்கு ஏறி நிற்கும். குழாயை வெயிலில் வைத்துவிட்டால் பதிலீட்டு வினை (ஹைட்ரஜனின் இடத்தில் புரோமின் சேர்வது) நடந்து ஆல்கேனும் மெல்ல நிறத்தைப் போக்கிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். புரோமின் ஆவி நச்சு, நல்ல காற்றோட்டம் கட்டாயம்.

1% காரப் பெர்மாங்கனேட் கையாள எளிது. ஹெக்சீனில் ஊதா மறைந்து பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு படியும். குளிர்ந்த கரைசலே வேண்டும். சூடாக்கினால் இரட்டைப் பிணைப்பே துண்டாகும். ஆக்சிஜன் உள்ள ஆல்டிஹைடும் இதே விடை தரும் என்பதால், மாதிரி ஹைட்ரோகார்பன்தான் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளது) என்று தெரிந்தால் மட்டுமே இதை நம்பலாம்.

முப்பிணைப்புள்ள ஆல்கைனை ஆல்கீனிலிருந்து பிரித்தறிய இந்த இரண்டு சோதனையுமே உதவாது.