மெத்தென்ற பொருளை அளக்க ரியோமீட்டரா, ஷேக்கரா? நான் ஏன் ஷேக்கர் பக்கம் வந்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சில் வார்க்கக்கூடிய மென்மையான திடப்பொருள், அதுவும் 30 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை அதிர்கிற இடத்தில் உட்காரப்போகிற பொருள் என்றால், என் ஓட்டு ஷேக்கருக்குத்தான். ஷேக்கர் என்பது பொருளைத் தகட்டோடு மேலும் கீழும் அதிரவைக்கும் கருவி; ரியோமீட்டர், பொருளை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து முறுக்கி, அது காட்டும் எதிர்ப்பை அளக்கும் கருவி. நான் அளந்தது பெரும்பாலும் சிலிகோன் ரப்பர், ஈகோஃப்ளெக்ஸ் 00-30 மாதிரியான மிக மென்மையான ரகம், கருவிகளுக்கு அடியில் வைக்கும் திண்டுகளுக்காக. ஆறு மாதம் ரியோமீட்டரில் அளந்துவிட்டு மாறியவன் என்பதால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

நமக்குத் தேவை இரண்டே எண்கள். பொருள் எவ்வளவு ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்கிறது, எவ்வளவு ஆற்றலைத் தனக்குள் விழுங்கிவிடுகிறது என்பதுதான். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் டான் டெல்டா. இரண்டு முறையுமே இதைத் தரும், அதனால் அதில் போட்டி இல்லை.

ரியோமீட்டரின் பலங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 0.01 ஹெர்ட்ஸிலிருந்து சில பத்து ஹெர்ட்ஸ் வரை ஒரே ஓட்டத்தில் அளக்கலாம், வெப்பநிலையைப் பிடித்து நிறுத்தலாம், வீச்சைக் கூட்டிக்கொண்டே போய்ப் பொருள் எந்த இடத்தில் நேர்கோட்டை விட்டு விலகுகிறது என்று பார்க்கலாம். களிம்பு, பற்பசை, இன்னும் உறையாத ஜெல் என்றால் வேறு யோசனையே வேண்டாம். ஆனால் அதிர்வெண் ஏற ஏற, மேல் தகட்டையும் தண்டையும் ஆட்டவே மோட்டாரின் விசை போய்விடுகிறது. மென்மையான பொருள் திருப்பித் தரும் சின்ன முறுக்குவிசை அந்த நிலைமத்துக்குள் மூழ்கிப்போகும். 'குளிரவைத்து அளந்து, அதை அதிக அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாமே' என்று சிலர் கேட்பார்கள். வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி மூவரும் 1955இல் தந்த சமன்பாடு அதற்குத்தான். ஆனால் சிலிகோன் கண்ணாடிபோல இறுகுவது மைனஸ் 120 டிகிரிக்குப் பக்கத்தில், அறை வெப்பநிலைக்கு வெகு தூரத்தில், அதனால் அறை வெப்பநிலையைச் சுற்றிப் பத்து இருபது டிகிரி மாற்றிப் பார்த்தும் எனக்குப் பெரிதாக எதுவும் நகரவில்லை. ஜெலட்டினிலோ முப்பது டிகிரியைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை மாற வைத்தது சாம்பிளின் விளிம்பு.

இணைத்தகடு ரியோமீட்டரில் விறைப்பைக் கணக்கிடும்போது ஆரத்தின் நான்மடியால் வகுக்கிறோம். 25 மில்லிமீட்டர் தகடு, ஆரம் 12.5. நீங்கள் வெட்டி வைத்த வட்டின் ஆரம் உண்மையில் 12 ஆக இருந்தால், அரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது, ஆனால் விடை 15 சதவீதம் குறைந்துவிடும். மருத்துவப் பிளேடால் மென்மையான சிலிகோனை வெட்டிப் பாருங்கள், பிளேடு இறங்குவதற்கு முன்பே பொருள் நசுங்கி வெளியே பிதுங்கும், வெட்டி எடுத்ததும் உள்வாங்கும், விளிம்பு குழிந்து நிற்கும். இதற்கு மேல் வழுக்கல் வேறு. சிலிகோனில் எண்ணெய்ப் பசை இருப்பதால் வழவழப்பான தகட்டில் நழுவும். சொரசொரப்பான தகடு போட்டால் இடைவெளி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி வரும். அழுத்திப் பிடித்தால் பொருளே ஏற்கெனவே நசுங்கிய நிலையில் அளக்கப்படும். ஒரே வார்ப்பிலிருந்து எடுத்த மூன்று வட்டுகள் எனக்கு மூன்று விடை தந்தன. பொருள் மாறவில்லை, என் கை வெட்டிய விதம்தான் மாறியது.

ஷேக்கரில் இந்தத் தொல்லை வெட்டும் வேலையோடு சேர்ந்தே போய்விடுகிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு அலுமினியத் தகடுகளுக்குப் பிரைமர் (ஒட்டவைக்கும் அடிப்பூச்சு) பூசி, நடுவே 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு நேரடியாகச் சிலிகோனை ஊற்றி உறையவிடுவேன். பிரைமர் கட்டாயம், இல்லையென்றால் ஒட்டாது. கீழ்த்தகடு ஷேக்கரில், மேல்தகட்டில் எடை, இரண்டிலும் அதிர்வை அளக்கும் ஆக்சிலரோமீட்டர். அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினால் மேல் எடை ஒரு இடத்தில் துள்ள ஆரம்பிக்கும், அதுதான் ஒத்ததிர்வு. மேலே மொத்தம் 100 கிராம் வைத்தபோது 39 ஹெர்ட்ஸில் உச்சம் வந்தது. உச்சத்தின் 0.707 மடங்கு உயரத்தில் வளைவின் அகலம் சுமார் 4 ஹெர்ட்ஸ், அதை 39ஆல் வகுத்தால் 0.1, டான் டெல்டா கையில்.

அடுத்து எடையை 25 கிராமாகக் குறைத்தேன். எடை கால்பங்கானால் அதிர்வெண் இரட்டிக்க வேண்டும், 78 வர வேண்டும். வந்தது 70. ஒரு நாள் முழுக்க ஆக்சிலரோமீட்டரைச் சந்தேகப்பட்டேன். காரணம் சாம்பிளின் சொந்த எடை: அந்தச் சிலிகோன் உருளையே 27 கிராம் இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 9 கிராம், மேல் எடையோடு சேர்ந்து ஆடுகிறது. 109, 34 என்று போட்டால் கணக்கு ஒட்டிக்கொண்டது. இன்னொரு திருத்தமும் மறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒட்டிய வட்டு பக்கவாட்டில் தாராளமாகப் பிதுங்க முடியாததால் உள்ளதைவிட விறைப்பாகத் தெரியும். இந்த அளவுக்கு அது 1.5 மடங்கு. அதை எடுத்துவிட்டால் யங் குணகம், அதாவது பொருளின் சொந்த விறைப்பு, 70 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் கீழே வருகிறது, எடுக்காமல் விட்டால் 104 என்று எழுதிவைத்துவிடுவோம்.

இந்தத் திருத்தங்கள் அளவுகோலால் அளந்து போடக்கூடியவை, யார் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தவை அல்ல. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், சாம்பிள் தகட்டோடு ஒட்டியே இருப்பதால் அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த மாதம் அதே துண்டை எடுத்து மறுபடி அளக்கலாம். ரியோமீட்டரில் அளந்தது அன்றைக்கே குப்பைக்குப் போகும், நாளாக ஆக இறுகுகிறதா என்ற கேள்விக்குப் புதுத் துண்டு வெட்டித்தான் பதில் தேட வேண்டும், அப்போது மறுபடியும் விளிம்புதான்.

ஷேக்கரின் குறைகள் உண்டு. ஒரு எடைக்கு ஒரு அதிர்வெண்ணில்தான் நம்பகமான விடை, நான்கைந்து எடை மாற்றினால் நான்கைந்து புள்ளிகள். மெதுவான தளர்வு, நாள்பட்ட அமுக்கம் பற்றி அது எதுவும் சொல்லாது. எடை நடுவில் சரியாக உட்காரவில்லை என்றால் பக்கவாட்டில் ஆடி இரண்டாவது உச்சம் முளைக்கும், அதனால் மேல்தகட்டின் இரு ஓரத்திலும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுகிறேன். எடை குறைவாக இருக்கும்போது கேபிளின் இழுப்பே வளைவைக் கெடுக்கும்.

துண்டைப் பிடிப்பானில் பிடித்து ஆட்டி அளக்கும் டிஎம்ஏ நல்ல கருவி, ஆனால் இவ்வளவு மென்மைக்குப் பிடிப்பானில் நசுக்காமல் பிடிப்பது பெரும்பாடு. உடலுக்குள் இருக்கும் திசு என்றால் கதையே வேறு: கல்லீரலுக்கு எடுக்கும் ஃபைப்ரோஸ்கேன் 50 ஹெர்ட்ஸ் தட்டல் ஒன்றைக் கொடுத்து, அலை போகும் வேகத்திலிருந்து விறைப்பைக் கணக்கிடுகிறது. நொடிக்கு 1.3 மீட்டர் என்றால் சுமார் 5 கிலோபாஸ்கல். வெட்டவே வேண்டாம் என்பதால் அந்த வழி எனக்குப் பிடிக்கும்.

ஜெலட்டினில் மட்டும் நான் உறுதியாகப் பேசமாட்டேன், நாலைந்து வார்ப்புகள்தான் செய்திருக்கிறேன். நுங்கு மாதிரி தளதளவென்று இருப்பதால் 100 கிராம் வைத்தாலே ஒரு மில்லிமீட்டர் அமுங்குகிறது, பக்கவாட்டு ஆட்டமும் அதிகம். பக்கங்களில் எண்ணெய் பூசாவிட்டால் மதியத்துக்குள் தோல் கட்டிவிடுகிறது. இப்போதைக்கு 25 கிராமோடு, வார்த்த மறுநாள் காலையிலேயே அளந்துவிடுகிறேன்.