கொடைப் பாட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோயில் கொடை விழாவுக்கோ, சர்ச் திருவிழாவுக்கோ, கிறிஸ்துமஸுக்கோ புதுப்பாட்டு செய்ய ஸ்டுடியோ தேடுகிறீர்களா? எங்கள் ஊருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நாதஸ்வரம், தவில், வில், உடுக்கை எல்லாவற்றுக்கும் ஆள் வைத்து வாசித்துத் தருவதாக நாகர்கோவில் ஸ்டுடியோ ஒன்று எங்களிடம் 45,000 ரூபாய் பேசியது. கடைசியில் ஒரு மனிதர்கூட வாசிக்காத, ஒரு மனிதர்கூடப் பாடாத ஐந்து பாட்டுகளைக் கொடுத்தது. வரிகளைப் போட்டு, நாட்டுப்புறம், மெலடி, ராப் என்று வகையைச் சொன்னால் சில நிமிடங்களில் முழுப்பாட்டையும் பாடிக் கொடுத்துவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அதில் செய்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஸ்டுடியோவின் பெயரை இங்கே போடவில்லை.

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். அம்மன் கொடைக்குச் சொந்தமாகப் பாட்டு வேண்டும் என்பது விழாக்குழுவின் பல வருட ஆசை. என் மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அம்மன் கதையையும் ஊர்க் குளம், வயல், களம் எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து பாட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்று வில்லுப்பாட்டு மெட்டில், ஒன்று கும்மி, ஒன்று சிங்காரி மேளத்தோடு ஆட்டப்பாட்டு, ஒன்று மெல்லிசை, பிள்ளைகள் கேட்டதால் ஒரு ராப். ஐந்தும் ஐந்து விதம் என்பதால் ஒரே இடத்தில் எல்லாம் முடித்துத் தருகிற ஸ்டுடியோவாகப் பார்த்தோம். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் "லைவ் நாதஸ்வரம், தவில், வில்லிசைக் குழு, இரண்டு பாடகர்கள், முழு உரிமை உங்களுக்கே" என்று தெளிவாக இருக்கிறது. மாமாவின் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக முன்பணம் 20,000 போனது. பாட்டு வந்ததும் மீதி 25,000.

முதலில் கேட்டபோது பாட்டு பளபளவென்றுதான் இருந்தது. குரல் இனிமை, தாளம் கச்சிதம். ஆனால் எங்கள் ஊர்ப் பெயரே தப்பாக ஒலித்தது. 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ல' வந்தது. குறில் நெடிலாகி, ஒரு வரியின் பொருளே மாறிவிட்டது. தமிழாசிரியருக்கு இது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாட வைத்துத் தாருங்கள் என்று கேட்டோம். பாடகர் வந்து பாடியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் புதிதாகப் பதிவுசெய்து ஒட்டிவிடலாம், ஸ்டுடியோக்களில் தினமும் நடக்கிற வேலை. எங்களுக்குத் திரும்பி வந்ததோ வேறு பாட்டு. மெட்டு வேறு, இடையிசை வேறு, பாடியவரின் குரலும் வேறு. வரிகள் மட்டும்தான் அதே. அங்கேதான் முதல் சந்தேகம் வந்தது.

வில்லுப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் வலித்தது அதுதான். நம் குமரி மாவட்டத்தில் வில்லைக் கேட்டு வளராதவர்கள் குறைவு. சுடலைமாடன் கோயிலிலும் முத்தாரம்மன் கோயிலிலும் கொடை என்றால் வில்லு உண்டு. நீண்ட வில் குடத்தின் மேல் இருக்கும், வில்லில் மணிகள் தொங்கும், குழுவின் தலைவரான அண்ணாவி வீசுகோலால் நாணில் அடிக்கும்போது மணி முழுவதும் ஒன்றாகக் குலுங்கும். குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அறைகிறவர் தனி, உடுக்கை தனி, ஜால்ராவும் கட்டையும் தனி, பின்பாட்டுக்காரர்கள் தனி. இத்தனை பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கதையின் வேகத்துக்கு ஏற்பத் தாளத்தை ஏற்றி இறக்குவதுதான் அந்தப் பாட்டின் உயிர். எங்களுக்கு வந்த பாட்டில் வில்லுக்குப் பதிலாக ஏதோ நரம்புக் கருவியை மீட்டுகிற ஒலி, குடத்துக்குப் பதிலாக மேற்கத்திய டிரம். பின்பாட்டு என்று வந்தது, முன்னால் பாடிய குரலையே நான்காக அடுக்கியது போல இருந்தது.

பக்கத்து ஊரில் இருக்கிற வயதான அண்ணாவி ஒருவரிடம் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டவர், "இதுல வீசுகோலு ஒரு இடத்துலகூட விழலியே மக்களே. மணி எங்க, குடம் எங்க?" என்றார். நாங்கள் பேசிய பணத்தில் ஒரு பங்கு இவரைப் போன்ற ஒரு குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்லித்தான் ஸ்டுடியோக்காரர் எங்களிடம் வாங்கினார்.

அப்புறம் மைனஸ் டிராக் விஷயம். மேடையில் ஊர்ப் பிள்ளைகளே பாட ஆசைப்பட்டதால், குரல் இல்லாமல் இசையை மட்டும் கேட்டோம். வந்த ஃபைலில் பாடகியின் குரல் பின்னால் மெல்ல முனகிக்கொண்டே இருந்தது. கீபோர்டு வாசிக்கிற நண்பர் ஒருவர் கேட்டவுடனேயே சொல்லிவிட்டார்: தனித்தனியாகப் பதிவு செய்த இசை இப்படி இருக்காது, முடிந்த பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கிற மென்பொருளில் போட்டால்தான் இந்தக் கசிவு வரும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வேவ் ஃபைல் கொடுங்கள், கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டின் புராஜெக்டை, அதாவது எல்லாப் பதிவுகளும் தனித்தனியாக இருக்கிற ஃபைலை, திறந்து காட்டுங்கள் என்று நண்பரைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய்க் கேட்டோம். புராஜெக்ட் என்று ஒன்று இல்லை. இருந்தது முழுப்பாட்டின் எம்பி3 மட்டும்.

"இப்போ எல்லாரும் இப்படித்தான் தம்பி செய்யுதாவ. கேட்டா நல்லாதானே இருக்கு?" என்றார் ஸ்டுடியோக்காரர். "அண்ணே, அப்ப கொட்டேஷன்ல லைவ்னு எதுக்கு எழுதினீங்க?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எந்த மென்பொருள் என்று மட்டும் சொன்னார். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

வேகமாக இசை செய்து தரும் மென்பொருளை நான் குறை சொல்லவில்லை. நம் ஊர்க் கீபோர்டுகளில் இடதுகையால் கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தானே பின்தொடரும் 'ஸ்டைல்' வசதி எத்தனையோ வருடமாக இருக்கிறது. எந்தப் பாடகர் குழுவும் அதை மறைப்பதில்லை. கனடாவின் பி.ஜி. மியூசிக் நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'பேண்ட் இன் எ பாக்ஸ்' இதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்தது. கார்டுகளை டைப் செய்து, ஜாஸ், கன்ட்ரி, ராக் என்று வகையைத் தேர்ந்தெடுத்தால் பின்னணி இசை தயார். பின்னாளில் அதில் உண்மையான கலைஞர்கள் வாசித்துப் பதிவு செய்த துண்டுகளையும் சேர்த்தார்கள். அங்கே மெட்டுப் போடுவதும் பாடுவதும் மனிதர் கையில்தான் இருந்தது. சுனோ, யூடியோ போன்ற இப்போதைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மெட்டையும் குரலையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. மெட்டு எப்படி வரும் என்று பார்க்கவோ, பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு செய்யவோ தாராளமாகப் பயன்படுத்தலாம். மென்பொருளில் செய்கிறேன், இவ்வளவு ஆகும் என்று ஸ்டுடியோக்காரர் நேராகச் சொல்லியிருந்தால், ராப் பாட்டுக்கு நாங்களே சரி என்றிருப்போம்.

"முழு உரிமை உங்களுக்கே" என்ற வாக்கும் காலி என்று பிறகுதான் தெரிந்தது. சுனோவில் இலவசக் கணக்கில் செய்த பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் விதி. கட்டணக் கணக்கில் செய்தால்தான் அந்த அனுமதி. இந்த நிறுவனங்கள் தங்கள் இயந்திரத்துக்குப் பிறர் பாடல்களை அனுமதியில்லாமல் கொடுத்துப் பழக்கின என்று யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய இசை நிறுவனங்களும் 2024 ஜூனில் அமெரிக்காவில் சுனோ மீதும் யூடியோ மீதும் வழக்குத் தொடுத்தன. கட்டளை மட்டும் கொடுத்து இயந்திரத்தில் வாங்கிய படைப்புக்குக் காப்புரிமை (காப்பிரைட்) பாதுகாப்பு கிடைக்காது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொன்னது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய இசைக்கு அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது. அப்படிப் பார்த்தாலும் உரிமையை எங்களுக்கு மாற்ற, கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் உரிமை வந்துவிடாது.

இவ்வளவுக்கும் பிறகு, மாமா எழுதிய கும்மிப் பாட்டை ஸ்டுடியோக்காரர் தன் யூடியூப் சேனலில் தன் பெயரில் ஏற்றியிருந்தார். அதே மெட்டு, அதே இடையிசையில் வேறு வரிகளைப் போட்டு இன்னொரு ஊருக்கும் பாட்டாகக் கொடுத்திருக்கிறார். அந்த ஊர்க்காரர்களும் அதைத் தங்களுக்கென்றே செய்த பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இசை யாருடையது என்ற வாதத்துக்கே நாங்கள் போகவில்லை. வரிகள் மாமாவுடையவை, கையெழுத்துப் பிரதி அவரிடம் இருக்கிறது. அதைக் காட்டி யூடியூபின் காப்புரிமைப் புகார் படிவத்தில் அவரே புகார் கொடுத்தார், வீடியோ நீக்கப்பட்டது. பாட்டு எழுதுகிறவர்கள் வரிகளைத் தேதியோடு தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஸ்டுடியோ பேசப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் எந்தக் கருவியை யார் வாசிக்கிறார், யார் பாடுகிறார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். பதிவு நடக்கும் நாளில் ஒருவராவது போய் உட்காருங்கள், முடியாவிட்டால் வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கருவிக்கொரு வேவ் ஃபைலும் மைனஸ் டிராக்கும் கொடுத்த பிறகே மீதிப் பணம் என்று கொட்டேஷனிலேயே போடச் செய்யுங்கள். தனித்தனி ஃபைல் வந்தாலும் குரல் டிராக்கை மட்டும் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், பின்னால் ஜால்ராவோ தாளமோ கரகரவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது முடிந்த பாட்டிலிருந்து பிரித்தெடுத்ததாக இருக்கலாம், விளக்கம் கேளுங்கள். ஒரு வரியை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாலும் சில சமயம் உண்மை வெளியே வரலாம். மென்பொருளில் செய்வதாக இருந்தால் எந்த மென்பொருள், கட்டணக் கணக்கா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிற ஸ்டுடியோக்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன, அவர்கள் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

ஏமாந்தவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பணம் மாமா கணக்கிலிருந்து போனதால் அவர் பெயரிலேயே புகார் கொடுத்திருக்கிறோம். கொட்டேஷன், யுபிஐ விவரம், மாறிப்போன இரண்டு பாட்டு ஃபைல்கள் எல்லாம் இணைத்திருக்கிறோம். மீதி 25,000 கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. வில்லுப்பாட்டை அந்த அண்ணாவியின் குழுவை வைத்தே புதிதாகப் பதிவு செய்கிறோம்.

கும்மி மெட்டின் முதல் அரை நிமிடத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். உங்கள் ஊருக்கென்று வாங்கிய பாட்டிலும் இதே மெட்டு இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால் உங்கள் கொட்டேஷனையும் எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.